கூண்டு வண்டியிலிருந்து மேடைக்கு: அமெரிக்க எல்லைப்புறப் பெண் ஒருவரை ஓராள் நாடகமாக்கும் முழு வழிகாட்டி

1853 ஏப்ரல் 9 அன்று அயோவா மாநிலத்தின் மன்றோ கவுண்டியிலிருந்து ஒரு குடும்பம் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு ஆரிகன் பக்கம் கிளம்பியது. கணவர் ஜோயல் நைட், மனைவி அமெலியா ஸ்டூவர்ட் நைட், ஏழு குழந்தைகள். பையன்களில் இருவருக்கு புளூட்டார்க், செனெகா என்று பழைய கிரேக்க, ரோமானிய அறிஞர்களின் பெயர். மாட்டு வண்டியில் போகிற வீட்டில் இப்படிப் பெயரா என்று எனக்கு இன்றும் சிரிப்பு வரும். அமெலியா வழிநெடுக நாட்குறிப்பு எழுதினார். மழை, சேறு, நனைந்த படுக்கை, செத்துப்போன எருது, காய்ச்சலில் கிடந்த பிள்ளை என்று செப்டம்பர் 17 வரை எல்லாம் இருக்கிறது. அதற்குப் பிறகு, போகிற போக்கில் ஒரு வரி: சில நாள் கழித்து என் எட்டாவது குழந்தை பிறந்தது.

அதுவரைக்கும் தான் கர்ப்பமாக இருப்பதாக ஒரு வார்த்தை கிடையாது. கணக்குப் போட்டால், வீட்டைப் பூட்டிக் கிளம்பும்போதே மூன்று நான்கு மாதம் ஆகியிருக்கும்.

ஓராள் நாடகம் செய்ய வருகிறவர்கள் பெரும்பாலும் அவர் என்னென்ன சொன்னார் என்று தேடி, சொன்னதையெல்லாம் மேடையில் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறார்கள். நான் எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்கச் சொல்வேன். அவர் எதைச் சொல்லவில்லை? ஏன் சொல்லவில்லை? எல்லைப்புறப் பெண்களின், அதாவது அமெரிக்கக் குடியேற்றம் மேற்கே நகர்ந்த விளிம்பில் வாழ்ந்தவர்களின், வரலாற்றில் ஒவ்வொருவருடைய மௌனமும் ஒவ்வொரு விதம். உங்கள் நாடகத்தின் வடிவத்தையே அந்த மௌனம்தான் முடிவு செய்யும்.

முதல் வேலை: யாரை எடுப்பது?

பெயர் பெற்றவரை எடுக்காதீர்கள், ஆவணம் உள்ளவரை எடுங்கள். ஆவணம் என்றால் அவரே எழுதியதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. எந்த மாதிரி ஆவணம் கிடைக்கிறதோ, அந்த மாதிரி நாடகம் எழுத வேண்டும், அவ்வளவுதான். நான்கு பேரைப் பார்ப்போம்.

அமெலியா நைட் எழுதினார், ஆனால் தன்னை விட்டுவிட்டு எழுதினார். இது முதல் வகை.

எலினோர் புரூயிட் ஸ்டூவர்ட் இரண்டாவது வகை. டென்வரில் வீட்டு வேலை செய்து பிழைத்தவர். 1909-ல் வயோமிங்கின் பர்ன்ட்ஃபோர்க் பகுதிக்கு ஒரு பண்ணையாரின் வீட்டைப் பார்த்துக்கொள்ளப் போனார். தன் பெயரிலும் நிலத்துக்கு மனு போட்டார். பழைய எஜமானிக்கு அவர் எழுதிய கடிதங்கள் பத்திரிகையில் வந்து, 1914-ல் நூலாகவும் ஆயின. தனியொரு பெண் நிலம் எடுத்து வாழ்ந்துவிடலாம் என்று அந்தக் கடிதங்கள் உற்சாகமாகப் பேசுகின்றன. ஆனால் மனு போட்ட கையோடு அந்தப் பண்ணையாரையே அவர் கல்யாணம் செய்துகொண்டார். கடிதங்களில் அந்தச் சேதி வெகுநாள் கழித்துத்தான் தலைகாட்டுகிறது. அந்த நிலத்துக்கு அவர் பெயரில் கடைசிவரை பட்டா வரவில்லை. மாமியார் பெயருக்கு விட்டுக்கொடுத்துவிட்டார். கடிதம் ஒன்று சொல்கிறது, நில அலுவலகக் கோப்பு வேறொன்று சொல்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நாடகம் இருக்கிறது.

மூன்றாவது, பிடி மேசன். 1818-ல் அடிமையாகப் பிறந்தவர். 1848-ல் எஜமானனின் வண்டிகளுக்குப் பின்னால் மிசிசிப்பியிலிருந்து யூட்டா வரை நடந்தே வந்தார். பிறகு அங்கிருந்து கலிபோர்னியா. அது அடிமை முறை இல்லாத மாநிலம். எஜமானன் அவரையும் உடனிருந்த மற்ற அடிமைகளையும் அடிமை முறை இருந்த டெக்சாஸுக்கு இழுத்துப் போகப் பார்த்தபோது வழக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் நீதிபதி பெஞ்சமின் ஹேஸிடம் வந்தது. 1856 ஜனவரியில் பிடியையும் உடனிருந்த 13 பேரையும் அவர் விடுதலை செய்தார். பிடிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதோடு, வெள்ளையருக்கு எதிராகக் கறுப்பினத்தவர் சாட்சி சொல்லக் கூடாது என்று அன்றைய கலிபோர்னியச் சட்டமே தடுத்தது. ஆகவே நீதிபதி அவரைத் தன் அறைக்கு அழைத்துத் தனியாக விசாரித்தார். சொன்னதைச் செய்தே பழகியவள் நான், ஆனால் இந்த டெக்சாஸ் பயணம் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்தே எனக்குப் பயம் என்கிற பொருளில் அவர் சொன்னது பதிவாகியிருக்கிறது. இவரது மௌனம் சட்டம் போட்ட பூட்டு.

நான்காவது, மேரி ஃபீல்ட்ஸ். டென்னசியில் அடிமையாகப் பிறந்து, மொன்டானாவின் கேஸ்கேடில் வாழ்ந்தவர். 1895-ல், அறுபதைத் தாண்டிய வயதில், அஞ்சல் பை சுமக்கும் ஒப்பந்தம் எடுத்தார். கேஸ்கேடுக்கும் செயின்ட் பீட்டர்ஸ் மிஷனுக்கும் இடையே 1903 வரை வண்டி ஓட்டினார். அமெரிக்காவில் இந்த மாதிரி அஞ்சல் தடத்தை எடுத்த முதல் கறுப்பினப் பெண் அவர்தான். அவர் கைப்பட எழுதியது என்று நமக்கு ஒன்றும் இல்லை. ஆனால் சுருட்டு, துப்பாக்கி, ஓநாய்க் கூட்டம், கைகலப்பு என்று ஊரார் கட்டிய கதைகள் மலைபோல் குவிந்து கிடக்கின்றன.

இதற்கு நேர் எதிராக, தானே கதை கட்டியவரும் உண்டு. கலாமிட்டி ஜேன் என்ற மார்த்தா ஜேன் கானரி 1896-ல் தன் வாழ்க்கையைச் சின்னக் கையேடாக வெளியிட்டார். அதில் உண்மையைவிடப் புளுகு அதிகம். புதிதாக இறங்குகிறவர் இவர் பக்கம் போகாமலிருப்பது நல்லது. பொய் சொல்கிறவரை நடிப்பது சுகமாகத்தான் இருக்கும். ஆனால் பார்வையாளர் எதை நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார் என்பது உங்கள் கையில் இருக்காது.

இரண்டாவது: ஆவணம் திரட்டுவது

நாட்குறிப்பு, கடிதம் என்று தொடங்குங்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் பழைய செய்தித்தாள் தொகுப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பழைய நிலப் பட்டாக்களை அமெரிக்க அரசின் நில நிர்வாகத் துறை வலைத்தளத்தில் பெயர் கொடுத்தே தேடலாம். மனு, சாட்சி வாக்குமூலம் எல்லாம் அடங்கிய முழுக் கோப்பு தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கும். 1862-ல் வந்த ஹோம்ஸ்டெட் சட்டத்தின்படி அன்று 21 வயது நிரம்பிய தனிப்பெண்ணும் 160 ஏக்கருக்கு மனு போட முடிந்தது. ஐந்து வருடம் குடியிருந்து பயிர் செய்து காட்ட வேண்டியிருந்தது. கணவரோடு வாழ்ந்த பெண் தன் பெயரில் போட முடியவில்லை. அதனால் இந்தக் கோப்புகளில் பெண்கள் பெயர் வரும் இடமெல்லாம் ஒரு கதை உட்கார்ந்திருக்கும்: கைம்பெண், கைவிடப்பட்டவர், கல்யாணத்தைத் தள்ளிப்போட்டவர். வீட்டுக்கு எத்தனை ஜன்னல், எத்தனை ஏக்கர் உழுதது என்பதுகூட அதில் எழுதியிருக்கும். மேடை போடுகிறவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

திரட்டியதை மூன்று நிறத்தில் கோடிடுங்கள். அவரே சொன்னது நீலம். மற்றவர்கள் சொன்னது பச்சை. நீங்கள் ஊகித்தது சிவப்பு. கையெழுத்துப் பிரதி முடிந்ததும் தரையில் பரப்பி வைத்துத் தள்ளி நின்று பாருங்கள். சிவப்பு அதிகமாகத் தெரிந்தால் நீங்கள் எழுதியது புனைகதை. அது தப்பில்லை, ஆனால் விளம்பரத்தில் வரலாறு என்று போடாதீர்கள்.

மூன்றாவது: அவர் யாரிடம் பேசுகிறார்?

தொண்ணூறு சதவீத ஓராள் நாடகங்கள் விழுகிற குழி இதுதான். ஒரு பெண் மேடைக்கு வந்து, என் பெயர் இன்னது, நான் இன்ன வருடம் பிறந்தேன் என்று ஆரம்பிக்கிறார். எவரும் தன் வீட்டில் நின்று இப்படிப் பேசுவதில்லை. பள்ளிக்கூட மோனோ ஆக்டிங் போட்டியில் வேண்டுமானால் மதிப்பெண் கிடைக்கும்.

ஒரு இடம், ஒரு நாள், எதிரே ஒரு ஆள். இந்த மூன்றும் முடிவாகாமல் ஒரு வரிகூட எழுதாதீர்கள். பிடி மேசனுக்கு இது தட்டில் வைத்த மாதிரி கிடைக்கிறது: நீதிபதியின் அறை, 1856 ஜனவரி, பார்வையாளர்தான் நீதிபதி. கேள்விகள் காதில் விழ வேண்டியதில்லை, பதில் சொல்லும் முன் அவர் எடுத்துக்கொள்ளும் நேரம் போதும். எலினோர் கடிதம் எழுதுகிறார், எதிரே பழைய எஜமானி. பேனா எந்த வாக்கியத்தில் நிற்கிறது என்பதுதான் நாடகம். மேரிக்கு என் யோசனை இது: அவரைப் பேசவிடாதீர்கள். கேஸ்கேட் ஊர்க்காரர்கள் ஆறேழு பேராக மாறி மாறி நடித்து அவரைப் பற்றிச் சொல்லுங்கள், ஒவ்வொருவரும் வேறு வேறு கதை. நடுநடுவே மேரி வந்து, ஒன்றும் பேசாமல், அஞ்சல் பையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு போகட்டும். கதாகாலட்சேபம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, ஒரே ஆள் தலையைத் திருப்பினால் வேறு ஆளாகிவிடுவது புதிதல்ல.

அமெலியாவைத்தான் நான் மேடையில் நடிக்கிறேன். அவருக்கு எடுத்துக்கொண்டது கடைசி நாள். செப்டம்பர் 17, மழை விட்ட மதியம். அவர் மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறார். எதிரே பிள்ளைகள். பெரியவர்களிடம் சொல்லாததைப் பிள்ளைகளிடமா சொல்லப் போகிறார்? மாட்டார். அதனால்தான் பிள்ளைகளை எதிரே வைத்தேன்.

நான்காவது: ஒரு காட்சியை எழுதிப் பார்ப்போம்

ஆகஸ்ட் 8-ஆம் தேதிக் குறிப்பில் ஒரு சம்பவம். குடும்பம் காலையில் கிளம்பியபோது மகள் லூசியை விட்டுவிட்டு வந்துவிட்டார்கள். அவள் ஆற்றங்கரையில் உட்கார்ந்து வண்டிகள் ஆற்றைக் கடப்பதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவள் வழக்கம்போல் கார்ல் என்பவரின் வண்டியில் இருக்கிறாள் என்று அம்மா நினைத்தார். அங்கேயும் இல்லை. மாடுகளை இளைப்பாற்ற நின்றபோது, பின்னால் வந்த வேறொரு கூட்டம் அவளைக் கொண்டுவந்து சேர்த்தது. அவ்வளவு நேரம் யாரும் தேடவே இல்லை.

மேடைப் பிரதியில் இது இப்படி ஆயிற்று:

(வாளியை எடுக்கிறார். இடுப்பில் சாய்க்கவில்லை, இரண்டு கையாலும் முன்னால் பிடித்திருக்கிறார்.)
பிரான்சிஸும் லூசியும் எப்பவும் கார்ல் வண்டியிலதான் வருவாங்க. அன்னிக்கும் அப்படித்தான்னு இருந்துட்டேன்.
(நடக்கிறார். மேடையை ஒரு முழுச் சுற்று. பேச்சில்லை.)
மாட்டை அவுத்துவிட நின்னோம். பின்னாடி இன்னொரு கூட்டம் வந்துச்சு. அவங்க வண்டியிலேர்ந்து ஒரு பொண்ணு இறங்குச்சு.
(வாளியைக் கீழே வைக்கிறார்.)
லூசி.
(நிறுத்தம்.)
ரொம்பப் பயந்து போச்சு பிள்ளை.
(வாளியை எடுக்கிறார்.)
எங்கள்ல இன்னும் சில பேருந்தான்.

கடைசி வரி அமெலியாவுடையது, நான் எழுதியதில்லை. அவள் மிகவும் பயந்துபோனாள், எங்களில் இன்னும் சிலரும் என்றுதான் நாட்குறிப்பில் இருக்கிறது. அந்த இன்னும் சிலர் யார்? ஏழு மாதக் கர்ப்பிணியான ஒரு தாய், தன் நடுக்கத்தைக்கூடத் தன் பெயரில் எழுதிக்கொள்ளாமல் கூட்டத்தில் ஒளித்து வைத்திருக்கிறார். என் முதல் வரைவில் இந்த இடத்தில் அரைப்பக்கம் புலம்பல் இருந்தது. மகளைக் கட்டிக்கொண்டு அழுவது, ஆண்டவனைக் கூப்பிடுவது எல்லாம் சேர்த்திருந்தேன். மூன்று நிறத்தில் கோடிட்டபோது அந்த அரைப்பக்கம் முழுக்கச் சிவப்பு. அடித்தேன். அந்த ஒரு சுற்று நடை மட்டும் மிஞ்சியது. இன்றுவரை அரங்கம் அடங்கிப்போகும் இடம் அதுதான்.

கவனியுங்கள், வாளியை எப்படிப் பிடிப்பது என்பதும் பிரதியிலேயே இருக்கிறது. கர்ப்பத்தை மறைக்க வேண்டும், ஆனால் நாடகம் முடிந்து யோசித்துப் பார்க்கிறவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். வயிற்றில் தலையணை கட்டினால் முதல் நிமிடத்திலேயே குட்டு உடைந்துவிடும். இடுப்பு இறுக்காத தொளதொள கவுன், மேலே ஏப்ரன், சால்வை. அந்தக் காலப் பெண்கள் பயணத்துக்கு அப்படித்தான் உடுத்தினார்கள். அப்புறம் எல்லாப் பொருளையும் உடம்புக்கு முன்னால் பிடிப்பது. குனிவதற்குப் பதில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து எடுப்பது. செப்டம்பரில் ஆரிகனின் கேஸ்கேட் மலையை (மேரியின் ஊர் வேறு) கடக்கும்போது, கைக்குழந்தையைச் சுமந்துகொண்டு, இன்னொன்றைப் பாதி தூக்கியபடி, முழங்கால் அளவு சேற்றில் நடந்ததாக எழுதுகிறார். பின்னால் வண்டி கவிழ்வதைப் பார்க்க நேருமோ என்று திரும்பவே பயந்தாராம். அது நிறைமாதம். அந்த இடத்தில் நான் கையை ஒரே ஒரு முறை இடுப்பின் பின்பக்கம் கொண்டுபோவேன். அதற்கு மேல் குறிப்புக் கொடுப்பதில்லை.

ஆங்கிலத்தில் செய்தபோது பெரும்பாலானவர்களுக்குக் கடைசி வரியில்தான் விஷயம் புரிந்தது. ஒரு முறை தமிழ்க் குடும்பங்கள் கூடிய இடத்தில் தமிழில் செய்தேன். காலையில் எழுந்திருக்கவே முடியவில்லை என்று சொன்ன உடனே முன்வரிசைப் பாட்டி பக்கத்து ஆளிடம், முழுகாம இருக்கா என்றார், எனக்கே கேட்கும்படி. ரகசியம் போய்விட்டது. ஆனால் அதற்குப் பிறகு அந்த வரிசையே நான் வாளி தூக்கும்போதெல்லாம் பதறியது. இன்னின்ன மாதிரிதான் வேலை செய்யும் என்று எழுதி வைக்க முடியாது போல.

எந்தத் தமிழ்?

தமிழில் செய்வதானால் இது பெரிய கேள்வி. செய்யுள் நடை வேண்டாம், டப்பிங் படத் தமிழ் வேண்டவே வேண்டாம். ஒரு வட்டார வழக்கை அப்படியே போட்டால் அயோவாக்காரி மதுரைக்காரி ஆகிவிடுகிறார். எந்த ஊர் என்று சொல்ல முடியாத, பொதுவான பேச்சுத் தமிழ் போதும். பொருள்களுக்கு நம்மிடம் இருக்கும் வார்த்தையைத் தயங்காமல் எடுங்கள். விறகு கிடைக்காத புல்வெளியில் காட்டெருமைச் சாணம் காய்ந்து கிடப்பதைப் பொறுக்கி அடுப்பெரித்தார்கள். அதற்கு வறட்டி என்றால் நம் ஆட்களுக்கு நொடியில் வாசனையே வந்துவிடும். கூண்டு வண்டி, நுகத்தடி, மருத்துவச்சி எல்லாம் அப்படித்தான். மைலை மைலாகவே விடுங்கள். ஆரிகன் பாதை சுமார் 2,000 மைல், எருது மணிக்கு 2 மைல் போகும். இந்த இரண்டு எண்ணும் ஒரே வாயில் வந்தால்தான் தூரம் உறைக்கும்.

நீளம்: 40 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். நிறுத்தங்களோடு சேர்த்து நிமிடத்துக்கு 80 தமிழ்ச் சொல் என்பது என் கணக்கு. ஆக 3,200 சொல். நீங்கள் வேகமாகப் பேசுகிறவர் என்றால் இன்னும் குறைவாக எழுதி, மெதுவாகப் பேசக் கற்றுக்கொள்ளுங்கள்.

உடை, பொருள், மேடை

அந்தக் காலத்து வெயில் தொப்பி பார்க்க அழகு. பக்கவாட்டில் அட்டையோ மெல்லிய மரப்பட்டையோ செருகி விறைப்பாக இருக்கும். என் முதல் நிகழ்ச்சியில் அதை ஆசையாகக் கட்டிக்கொண்டு போனேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாருக்கும் என் முகம் தெரியவில்லை, குரலும் தொப்பிக்குள்ளேயே சுற்றியது. ஆனால் அன்றைக்குத்தான் ஒன்று தெரிந்தது: இதைப் போட்டுக்கொண்டு நடந்தவர்களுக்கு நேரே முன்னால் இருப்பதைத் தவிர வேறெதுவும் தெரிந்திருக்காது. லூசி எப்படித் தொலைந்தாள் என்பது எனக்கு அப்போது புரிந்த மாதிரி இருந்தது (இது சிவப்புக் கோடு, மேடையில் சொல்வதில்லை). இப்போது தொப்பி கழுத்தில் தொங்குகிறது. ஒரே காட்சியில் மட்டும் கட்டிக்கொள்கிறேன்.

பொருள்கள் மூன்றுக்கு மேல் போகாதீர்கள், ஒவ்வொன்றும் இரண்டு வேலையாவது செய்ய வேண்டும். பொருளைத் தேர்ந்தெடுக்க நல்ல பாடம் டபிதா பிரவுன். 1846-ல் 66 வயதில் ஆரிகனுக்கு வந்து சேர்ந்த கைம்பெண். கையுறை விரலுக்குள் பொத்தான் போல ஏதோ தட்டுப்பட, எடுத்துப் பார்த்தால் ஆறேகால் சென்ட் நாணயம். அதைக் கொண்டு ஊசி வாங்கினார். பழைய துணிகளைப் பூர்வகுடிப் பெண்களிடம் கொடுத்து மான்தோல் வாங்கி, கையுறை தைத்து விற்று, 30 டாலருக்கு மேல் சம்பாதித்தார். 1854-ல் எழுதிய கடிதத்தில் அவரே சொல்வது. நாடகமே ஒரு கையுறைக்குள் இருக்கிறது! நானாக இருந்தால் அவருக்கு வேறு எந்தப் பொருளும் கொடுக்க மாட்டேன்.

வண்டி செய்து மேடையில் ஏற்ற வேண்டாம். வண்டிப் பெட்டி ஏறத்தாழ பத்தடிக்கு நாலடி. தரையில் அந்த அளவுக்கு டேப் ஒட்டி, அதற்குள் ஒரு நாற்காலி போடுங்கள். ஒரு ஆளுக்கு 200 பவுண்டு மாவு, 150 பவுண்டு பன்றி இறைச்சி என்று அக்காலக் கையேடு சொல்கிறது. வீட்டில் ஒத்திகையின்போது அந்த டேப் கட்டத்துக்குள் அரிசி மூட்டைகளை அடுக்கிப் பாருங்கள். ஆள் உட்கார இடமே இல்லை, ஆகவே பெண்களும் பிள்ளைகளும் பெரும்பாலும் நடந்தார்கள் என்பதை உங்கள் கால் கற்றுக்கொள்ளும். ஒளியமைப்புக்குப் பெரிதாக மெனக்கெட வேண்டாம்: பகல், இரவு, விளக்கு. மூன்று போதும்.

யாருடைய நிலம், யாருடைய வேடம்?

எல்லைப்புறம் என்ற சொல்லே ஒரு பக்கத்திலிருந்து பார்ப்பது. அமெலியாவுக்கு எல்லை, அங்கே ஏற்கெனவே வாழ்ந்தவர்களுக்கு வீடு. மிஷனரிகளின் மனைவியரான நார்சிசா விட்மனும் எலைசா ஸ்பால்டிங்கும் 1836-ல் ராக்கி மலையைத் தாண்டிப் போன வெள்ளைப் பெண்கள் என்று பெருமையாகச் சொல்வார்கள். 1847-ல் கயூஸ் என்ற பூர்வகுடி மக்கள் நார்சிசாவைக் கொன்றார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள். அந்த வருடம் தட்டம்மை நோய் வந்து கயூஸ் பிள்ளைகள் கொத்துக் கொத்தாகச் செத்ததைச் சொல்லாமல் விட்டால் அது நாடகமல்ல, வசை. நாட்குறிப்பு எழுதிய பெண்ணின் பயத்தை மாற்றி எழுதாதீர்கள். அவர் பயந்தார் என்றால் பயப்படட்டும். ஆனால் வாளி மாற்றும் இடைவெளியில், நிகழ்ச்சித் தாளில், கேள்வி நேரத்தில் மறுபக்கத்துக்கு இடம் வையுங்கள்.

வேடம் பற்றி என் கறாரான கருத்து: முகத்துக்கு நிறம் பூசாதீர்கள். மேரியாகவோ பிடியாகவோ நடிப்பவர் கறுப்பினத்தவராக இல்லையென்றால், அவராக மாறாமல் அவரைப் பற்றிச் சொல்லுங்கள், நீங்கள் நீங்களாகவே நின்று. பூர்வகுடிப் பெண்களுக்கு இன்னும் கூடுதல் எச்சரிக்கை. வடக்கு பாயூட் இனத்து சாரா வின்னமுக்கா 1880களில் தன் மக்களின் நிலத்துக்காக அமெரிக்கக் கிழக்குக் கரை ஊர்களில் மேடை மேடையாகப் பேசியவர். 1883-ல் நூலும் எழுதினார். கூட்டம் அவரிடம் இளவரசி வேடத்தை எதிர்பார்த்தது, அவரும் அந்த வேடத்தோடு நின்றே தன் வழக்கைச் சொன்னார். ஒரு எல்லைப்புறப் பெண் தன்னையே ஓராள் மேடையில் வைத்த கதை இது. இதை இன்னொருவர் மணிமாலை போட்டுக்கொண்டு நடித்துக் காட்டுவதில் எனக்குச் சம்மதமில்லை.

ஒத்திகை

வசனத்தை மனப்பாடம் செய்வதற்கு முன் வேலைகளை மனப்பாடம் செய்யுங்கள். மாவு பிசைவது, தண்ணீர் இறைப்பது, துணி மடிப்பது. கைகள் தானாகச் செய்யும் வரை வாயைத் திறக்க வேண்டாம். பால் குடத்தை வண்டியில் தொங்கவிட்டால் சாயங்காலம் குலுங்கிக் குலுங்கி வெண்ணெய் திரண்டிருக்கும் என்று எழுதியிருக்கிறார்கள். அந்தக் குலுக்கல் உங்கள் உடம்பில் இருக்க வேண்டும். ஒரு நாளாவது நீளப் பாவாடையோடு ஐந்து மைல் நடந்துவிட்டு வந்து உடனே ஒத்திகை பாருங்கள். குரல் எப்படி மாறுகிறது என்று பதிவு செய்து கேளுங்கள்.

கேள்வி நேரம்

அமெரிக்காவில் இந்த வகை நிகழ்ச்சிக்கு ஒரு மரபு உண்டு, பெயர் ஷடாக்வா. 1874-ல் நியூயார்க் மாநிலத்து ஷடாக்வா ஏரிக்கரையில் கோடைக்கால வகுப்புகளாகத் தொடங்கியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கூடாரம் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றியது. 1970களில் வடக்கு டகோட்டா பக்கம் அது வரலாற்று மனிதர்களாக வேடமிட்டுப் பேசும் வடிவத்தில் மறுபடி உயிர்பெற்றது. அதன் அமைப்பு மூன்று பாகம். முதலில் தனிப்பேச்சு. அடுத்து, வேடம் கலையாமல் பார்வையாளரின் கேள்விகளுக்குப் பதில். கடைசியில் தொப்பியைக் கழற்றிவிட்டு, நடிகராகவும் ஆய்வாளராகவும் பதில்.

இரண்டாம் பாகம்தான் கடினம். அமெலியாவுக்கு 1853 செப்டம்பருக்குப் பிறகு நடந்தது எதுவும் தெரியாது. அவருக்குத் தெரியாததைக் கேட்டால், எங்க ஊர்ல அப்படிக் கேள்விப்பட்டதில்லையே என்று நழுவலாம். குழந்தைகள் இருந்தால் ஒரு கேள்வி நிச்சயம்: மரமே இல்லாத வெட்டவெளியில் ஒதுங்குவது எப்படி? பெண்கள் வட்டமாக நின்று பாவாடையை விரித்து மறைத்துக்கொள்வார்கள் என்பதுதான் பதில். கூச்சப்படாமல் செய்து காட்டுங்கள்.

பெரியவர்களின் கேள்வி வேறு: பூர்வகுடிகள் தாக்கினார்களா? இதற்கு மூன்றாம் பாகத்தில் எண்ணோடு பதில் சொல்ல வேண்டும். 1840 முதல் 1860 வரை பூர்வகுடியினரால் கொல்லப்பட்ட பயணிகள் 362, பயணிகளால் கொல்லப்பட்ட பூர்வகுடியினர் 426 என்று வரலாற்றாளர் ஜான் அன்ரூ கணக்கிட்டார். காலராவும், ஆற்று வெள்ளமும், வண்டிச் சக்கரமும், கைதவறி வெடித்த துப்பாக்கியும் இதைவிடப் பல மடங்கு ஆட்களைக் கொண்டுபோயின.

சில்லறை வேலைகள்

அமெரிக்காவில் அச்சாகி 95 ஆண்டு கடந்த நூல்கள் பொதுவுடைமை, தாராளமாக எடுத்தாளலாம். பிற்காலத்தில் யாராவது பதிப்பித்த நாட்குறிப்பு என்றால் அந்தப் பதிப்பின் முன்னுரை, அடிக்குறிப்பு ஆகியவற்றுக்கு உரிமை தனி. அச்சேறாத கையெழுத்துப் பிரதி என்றால் வைத்திருக்கும் காப்பகத்திடம் எழுதிக் கேட்டுவிடுங்கள், பெரும்பாலும் பெருந்தன்மையாகவே பதில் வரும். முதல் நிகழ்ச்சியை நூலகத்திலோ பள்ளியிலோ வையுங்கள். முப்பது பேர் போதும். மைக் வேண்டாம்.

முடிவை எப்படிச் செய்வது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். என் பிரதியில் செப்டம்பர் 17 குறிப்பு இருக்கிறது: மழை விட்டது, எல்லோரும் தயார், மறுபடி கிளம்புகிறோம், எங்கே என்று தெரியாத ஓர் இடத்துக்கு. சால்வையைப் போர்த்திக்கொள்கிறேன். விளக்கு அணைகிறது. இருட்டில், குரலில் ஏற்ற இறக்கமே இல்லாமல், கடைசிக் குறிப்பு: சில நாள் கழித்து எட்டாவது குழந்தை பிறந்தது. தோணியிலும் படகிலுமாகக் கொலம்பியா ஆற்றைக் கடக்க மூன்று நாள் ஆனது. இரண்டு ஜோடி எருதைக் கொடுத்து நிலம் வாங்கினோம். அரை ஏக்கர் உருளைக்கிழங்கு. ஜன்னல் இல்லாத ஒரு சின்ன மரக் குடில். வெளிச்சம் திரும்ப வரும்போது மேடையில் வாளி மட்டும் இருக்கும்.